15 மீட்டர், 50 மீட்டர், 1 கிலோமீட்டர்: ஏரிக்கரையை எங்கிருந்து அளப்பது?

#1 தாங்கல்கரை

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத் தெற்கே ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். 2021 அக்டோபர் தேர்தலில் வந்தவள். ஊர்ப் பெயரை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் தினமும் முகம் பார்க்கிறவர்கள்.

எங்கள் ஊரில் மூன்று நீர்நிலைகள். பெரிய ஏரி நீர்வளத் துறை கையில் இருக்கிறது (ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் அவர்களுடையது). தாங்கல் என்கிற சின்ன ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் கணக்கில் வரும். கோயில் பக்கத்துக் குளம் எங்களுடையது. தண்ணீருக்கு இந்தப் பிரிவினை தெரியாது. தாங்கல் நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழியும் கல் கட்டு) தாண்டிப் பெரிய ஏரிக்குப் போகும். பெரிய ஏரி நிரம்பினால் கால்வாய் பிடித்துச் சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் முட்டுக்காடு முகத்துவாரம்.

விஷயத்துக்கு வருகிறேன். தாங்கலை ஒட்டி 40 சென்ட் இடம் வைத்திருக்கும் ஒருவர் வீடு கட்ட ஆரம்பித்தார். எல்லாக் காகிதமும் சரி. பட்டா அவர் பெயரில். நிலப் பயன்பாடு முதன்மைக் குடியிருப்பு. வெள்ள பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்றும் இருக்கிறது. அந்தச் சான்றில் ஒரு நிபந்தனை: தரைமட்டத்தை ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்திக் கட்ட வேண்டும். அவர் அப்படியே செய்தார். லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மேடாக்கினார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னதைத்தான் செய்தார்.

அவர் இடத்துக்குப் பின்னால் 22 வீடுகள். முன்பு மழை பெய்தால் அந்தத் தெருத் தண்ணீர் அவர் இடத்தில் இறங்கித் தாங்கலுக்குப் போகும். இந்த முறை போகவில்லை. மூன்று நாள் வீட்டுக்குள் நின்றது. ஒரு பாட்டியம்மா அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டு, தானும் அதே கட்டிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் மொத்தத் தெருவும் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தது. “கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே?” என்று கேட்டார்கள். ஆமாம், கடைசிக் கையெழுத்து எங்களுடையதுதான்.

அதற்கப்புறம் விதிகளை எடுத்துப் படித்தேன். 2019ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், நீர்நிலைக்கு 15 மீட்டருக்குள் வரும் இடத்துக்கு அனுமதி தருபவர் நிபந்தனை விதிக்கலாம். 2017ன் ஈரநில விதிகளில், 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடமே கூடாது, படகுத்துறை மட்டும் விதிவிலக்கு. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை ராம்சர் எல்லையைச் (சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவித்த பகுதி) சுற்றி 1 கிலோமீட்டருக்குத் திட்ட அனுமதி தரக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. எங்கள் ஊரின் ஒரு பகுதி அதற்குள் வருகிறது.

15, 50, 1000. மூன்றும் எங்கிருந்து? தாங்கலின் எல்லை எது என்று எழுதிக் கேட்டேன். ஒரு அலுவலகம் வரைபடம் ஒன்றைக் கொடுத்தது. இன்னொரு அலுவலகம் கொடுத்த வரைபடத்தில் தாங்கல் அரை ஏக்கர் சின்னதாக இருக்கிறது. மூன்றாவது இடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.

இந்த வேலையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

#2 ஆட்டோலெவல்

மேடம், நான் உரிமம் பெற்ற சர்வேயர். தாம்பரம், மேடவாக்கம் பக்கம் 18 வருடமாகப் பிளான் போட்டுக் கொடுக்கிறேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியை எங்கள் தொழிலில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் ஃபைல் நின்றுவிடும்.

15 மீட்டரை நடைமுறையில் புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) இருக்கும் சர்வே எண்ணின் கோட்டிலிருந்து அளக்கிறோம். தண்ணீர் எதுவரை வருகிறது என்பதற்கு அங்கே இடமில்லை.

50 மீட்டர் வேறு கணக்கு. கடந்த 10 ஆண்டுகளில் பதிவான உயர் வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து அளக்க வேண்டும். அந்த 10 ஆண்டும் விதி அமலுக்கு வந்த 2017லிருந்து பின்னோக்கி. 2015 வெள்ளம் உள்ளே வரும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வந்த தண்ணீர் வராது.

இன்னொன்று, இது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஈரநில விதிகளின் வரையறையிலேயே பாசனத்துக்காக மனிதர் கட்டிய நீர்நிலைகளை விலக்கி வைத்திருக்கிறார்கள். குடிநீருக்காகக் கட்டியவையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் என்கிறோமே, அவற்றில் பெரும்பாலானவை பாசனத்துக்கு வெட்டியவை. உங்கள் தாங்கலும் அதில் ஒன்று. ஆகவே 50 மீட்டர் விதி பள்ளிக்கரணைக்கு உண்டு, பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் அனுப்பும் உங்கள் தாங்கலுக்கு நேரடியாகக் கிடையாது. தாங்கல் பாசனம் செய்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் இணையத்தில் உறுதிமொழி கொடுத்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு நல்ல திட்டம்தான். நானே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மனை நீர்நிலை ஓரத்தில் இல்லை என்று உறுதி சொல்வது யார்? விண்ணப்பிப்பவர். அவருக்கு எல்லை தெரியுமா? உங்களுக்கே தெரியவில்லையே.

#3 மனைக்காரன்

அந்த 1 கிலோமீட்டருக்குள் மாட்டிக்கொண்டவன் நான். 800 சதுர அடி. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு, சாலை, பூங்கா எல்லாம் முறையாக ஒப்படைத்தது. வங்கியில் கடன் வாங்கி வாங்கினேன். வீட்டு வாடகை ஒரு பக்கம், மாதத் தவணை ஒரு பக்கம். பிளான் கொடுக்கப் போனால் இப்போது எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

ஏரியைக் காப்பாற்ற வேண்டும், நானும் சொல்கிறேன். 2015ல் என் அக்கா வீட்டில் முதல் மாடி வரை தண்ணீர். ஆனால் சதுப்பு நிலத்துக்கு 900 மீட்டர் தள்ளி, நடுவில் ஆறு தெரு, ஒரு பெரிய சாலை தாண்டி இருக்கும் என் மனையும், தண்ணீரை ஒட்டி வரும் அடுக்குமாடியும் ஒன்றா? இந்த ஊரில் யாருக்காவது உண்மையான கோடு தெரிந்தால் சொல்லிவிடுங்கள். உள்ளே என்றால் உள்ளே. தெரியாமல் காத்திருப்பதுதான் கொல்கிறது.

#4 பழைய கணக்கு

ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறேன். வார்டு உறுப்பினர் அம்மாவுக்கு ஒரு விளக்கம். இரண்டு வரைபடத்தில் தாங்கல் இரண்டு அளவில் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ‘உள்வாய்ப் பட்டா’தான். உள்வாய் என்றால் கரைக்கு உள்பக்கம் தண்ணீர் பரவி நிற்கும் இடம்.

ஏரி புறம்போக்கு என்று அ-பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) இருப்பது அரசின் நிலம் மட்டும். ஆனால் ஏரி முழுசாக நிரம்பும்போது தண்ணீர் அதையும் தாண்டிப் பட்டா நிலத்தில் பரவும். சில இடங்களில் பிற்காலத்தில் கலங்கலை உயர்த்தினார்கள், நீர் பரவும் இடம் கூடிப்போயிற்று. சில இடங்களில் தண்ணீர் வடிந்த பிறகு உள்வாயில் பயிர் செய்துவந்தவர்களுக்கே பட்டா இருந்தது. அந்தக் காலத்தில் அதில் சிக்கல் இல்லை. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், தை கழிந்தால் எள்ளோ கொள்ளோ போடுவார்கள். நிலமும் அவர்களுடையது, தண்ணீரும் நிற்கலாம். இரண்டு உரிமையும் ஒரே இடத்தில் வருடம் முழுக்க மாறி மாறி இருந்தன.

அந்த நிலத்தை மனையாக விற்றபோதுதான் ஒரு உரிமை இன்னொன்றைத் தின்றது. நிலப் பயன்பாட்டு வரைபடம் சர்வே எண் கணக்கில் நிற்பது. சுற்றிலும் வீடுகள் இருக்கின்றன என்று அந்தப் பட்டா எண்ணும் முதன்மைக் குடியிருப்பு ஆகிவிடும். போரூர் ஏரியில் 2015ல் பட்டா நிலத்தை வெளியே விட்டுக் கரை போடப் போனபோது மக்கள் திரண்டு எதிர்த்தது இந்தச் சிக்கலால்தான்.

உங்கள் 40 சென்ட் காரருடையதும் உள்வாய்ப் பட்டாவாக இருக்கலாம். பழைய அ-பதிவேட்டில் குறிப்புக் கலத்தைப் பாருங்கள்.

#5 பெங்களூரு சுப்பு

நான் வர்த்தூர் பக்கம் இருக்கிறேன். இங்கே நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

பெங்களூருவின் 2015 முதன்மைத் திட்டத்தில் ஏரிக்கு 30 மீட்டர் இடைவெளி. 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் அதை 75 மீட்டர் ஆக்கியது. ராஜகால்வாய்களுக்கும் (பெரிய மழைநீர்க் கால்வாய்கள்) கூட்டியது. நாங்கள் எல்லாம் இனி ஏரி தப்பித்தது என்று நினைத்தோம். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி இயற்றிய முதன்மைத் திட்டத்தைத் திருத்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் காரணம். நடுவில் இருந்த மூன்று வருடம் வீடு வாங்கியவனுக்கும் குழப்பம், ஏரிக்கும் லாபமில்லை.

உங்கள் 1 கிலோமீட்டரும் இடைக்கால ஏற்பாடுதான். தாக்கப் பகுதி, அதாவது ஈரநிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப் பகுதி, எது என்று நிர்ணயிக்கும்வரை. அது நிரந்தரம் என்று ஊராட்சி நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாராகிக்கொண்டிருக்கிறது அல்லவா? கோடு அந்தத் திட்டத்துக்குள் ஏறினால்தான் நிற்கும்.

#6 கம்பு நட்டவன்

நீங்கள் எழுதியதிலேயே ஊர் தெரிந்துவிட்டது, எனக்கும் அதே ஊர்தான். பெரிய ஏரிக்குக் கீழே எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரைக் காணி இருந்தது. இப்போது அதில் ஒரு கிடங்கு நிற்கிறது. என் அப்பா ஊருக்கு நீர்க்கட்டி. எந்த மதகை எத்தனை விரல் திறப்பது என்று அவர்தான் முடிவு செய்வார்.

எல்லை எல்லை என்கிறீர்கள். ஏரிக்கு எல்லை கலங்கல்தான். கலங்கலின் தலையில் தண்ணீர் தொடும்போது உள்வாயில் எதுவரை நிற்கிறதோ அதுவரை ஏரி. அப்பா அந்த நாளில் கம்பு நட்டுக்கொண்டே நடப்பார். நானும் கூடப் போயிருக்கிறேன். தண்ணீர் வற்றிய பிறகும் பார்க்கலாம், அந்த மட்டத்தில் நத்தை ஓடு வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் கடைசியாகப் போனபோது பெரிய ஏரிக் கலங்கலில் இரண்டு கல்லைப் பெயர்த்திருந்தார்கள். ஒன்றரை அடி ஆழம். யாரோ ராத்திரியில் செய்தது, உள்வாய் மனைகளில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று. கலங்கல் ஒன்றரை அடி இறங்கினால் ஏரியின் எல்லை எத்தனை தூரம் பின்வாங்கும் தெரியுமா? எங்கள் ஏரி தட்டையானது. நூறு, நூற்றைம்பது அடி போய்விடும். ஒரு காகிதமும் மாறாமலே ஏரி சின்னதாகிவிடும். முதலில் கலங்கலைப் பாருங்கள்.

#7 நகரத்திட்டம்_ஏ

வேறு கோணம். இதில் ஊராட்சிக்கு என்ன வேலை என்பதே என் கேள்வி. நீரியல், நில அளவை, சூழலியல் தெரிந்தவர்கள் முடிவு செய்ய வேண்டியது. ஊராட்சியிலிருந்து கட்டட அனுமதி அதிகாரத்தை முழுவதும் எடுத்து ஒரே ஆணையத்திடம் கொடுத்துவிட்டால் இந்த முரண்பாடுகள் போய்விடும். உள்ளூர் ஆட்கள் உள்ளூர் அழுத்தத்துக்குப் பணிவார்கள். அது அவர்கள் குற்றமில்லை, ஆனால் நடப்பது அதுதான்.

#8 தாங்கல்கரை

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

நகரத்திட்டம் சார், நீங்கள் சொல்வதில் பாதி சரி. அழுத்தம் உண்டு. எனக்கும் வந்தது. ஆனால் இன்று 10,000 சதுர அடி, 8 குடியிருப்பு வரை அனுமதி தரும் அதிகாரம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துக்கொண்டாலும் தண்ணீர் நின்றால் படகு பிடிப்பது, மோட்டார் வைப்பது, பிளீச்சிங் பவுடர் போடுவது நாங்கள்தான். அந்தப் பாட்டியம்மா ஆணையத்துக்குப் போக மாட்டார், என் வீட்டுக்கு வருவார். வேலை எங்களுக்கு, வரைபடம் இன்னொருவருக்கு என்றால் எப்படி? நிபுணர்கள் வரட்டும். வந்து எங்கள் ஊரில் நடந்து பார்த்து முடிவு செய்யட்டும். அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு சங்கடம் இருக்கிறது, வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அனுமதி இல்லாமல் ஏரி ஓரத்தில் கட்டிக் குடிவந்தவர் தெரு விளக்கும் குடிநீரும் கேட்டு வருகிறார். கையில் குழந்தை. கொடுக்காமல் இருக்க மனசு வராது. கொடுத்தால் வீட்டு வரி ரசீதையும் சேர்த்து, ஊராட்சியே எங்களை ஒத்துக்கொண்டது என்று நாளைக்கு நீதிமன்றத்தில் வைப்பார்கள். நீர்நிலைப் புறம்போக்கை யாருக்கும் வரன்முறைப்படுத்தக் கூடாது என்று தீர்ப்புகள் தெளிவாக இருக்கின்றன. 2011ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே பொது நிலங்கள் பற்றிச் சொல்லியிருக்கிறது. அதை அந்தக் குழந்தையின் அம்மாவிடம் சொல்ல வேண்டியது நான். கட்டுவதற்கு முன்பே சொல்ல எனக்கு ஒரு கோடு இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். கோடு எனக்கு வேண்டியது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

கம்பு நட்டவர் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்த மறுநாள் காலையில் தாங்கல் பக்கம் போனேன். நத்தை ஓட்டு வரிசை இருக்கிறது. கருவேல மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு மாதிரி போகிறது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். 40 சென்ட் காரரின் மதிலில் போய் முட்டி நின்றது. மதிலின் அடியில் பார்த்தால் ஒரு நில அளவைக் கல், மேலே அம்புக்குறி வெட்டியது. பாதியைச் சிமெண்டுக்குள் வைத்துப் பூசியிருக்கிறார்கள். நாலு வருடமாக அந்த வழியில் போகிறேன், நான் பார்த்ததே இல்லை.

கல்லுக்கும் ஓட்டு வரிசைக்கும் நடுவே என் காலடியில் 31 அடி. மதிலுக்கு அந்தப் பக்கம் இன்னும் எத்தனை அடி போகிறதோ.

பழைய கணக்கு ஐயா, நீங்கள் சொன்னது சரிதான். குறிப்புக் கலத்தில் ‘உள்வாய்’ என்று எழுதியிருக்கிறது.

#9 ஆட்டோலெவல்

அந்த 31 அடிதான் இந்த இழை முழுவதும். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக எல்லோரும் கேட்பது ‘எத்தனை மீட்டர் இடைவெளி’ என்பதை. 15ஐ 50 ஆக்கு, 50ஐ 75 ஆக்கு. தட்டையான நிலத்தில் தூரத்தைவிட மட்டம்தான் முக்கியம். மேடான பக்கத்தில் 10 மீட்டரே போதும். உள்வாய்ப் பக்கம் 100 மீட்டர் தள்ளினாலும் தண்ணீருக்குள்தான் இருப்பீர்கள். மனைக்காரன் நண்பருக்கும் இதே பதில். ஈரநில விதிகளில் தாக்கப் பகுதி என்பது எந்த நிலத்தில் நடக்கும் வேலை ஈரநிலத்தைக் கெடுக்குமோ அந்த நீர்ப்பிடிப்பு. அது வட்டமாக இருக்க முடியாது. வரத்துக் கால்வாய் பக்கம் 1 கிலோமீட்டரைத் தாண்டியும் போகும், உங்கள் தெருப் பக்கம் 300 மீட்டரிலேயே முடியலாம். அளந்தால்தான் தெரியும். அளக்காதவரை உங்களையும் தண்ணீரை ஒட்டிக் கட்டுபவரையும் ஒரே வட்டத்தில் போட்டுத்தான் நிறுத்துவார்கள்.

மண் கொட்டி உயர்த்தச் சொல்லும் நிபந்தனை பற்றி: அது ஒரு மனையைப் பார்த்து எழுதுவது. அந்த மனைக்குத் தண்ணீர் வராது, சரி. அங்கே நின்ற தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி அந்தக் காகிதத்தில் இல்லை. உயர்த்தும்போது பின்தெருத் தண்ணீர் போக வடிகாலுக்கு இடம் விட்டதைக் காட்டினால்தான் பிளான் எடுத்துக்கொள்வோம் என்று ஊராட்சி கேட்கலாம். கேளுங்கள். நான் இனி போடும் பிளான்களில் அதைக் காட்டியே கொடுக்கிறேன்.

என்னிடம் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவி இருக்கிறது. கலங்கல் தலையில் ஸ்டாஃப் (அளவு குறித்த கம்பு) வைத்து மட்டம் எடுத்து, அதே மட்டம் தாங்கலைச் சுற்றி எங்கே தொடுகிறது என்று 20 மீட்டருக்கு ஒரு புள்ளி குறித்தால் ஒரே நாள் வேலை. கூலி வேண்டாம். பிடிக்க இரண்டு பசங்க இருந்தால் போதும். இது அதிகாரபூர்வ அளவை ஆகாது. ஆனால் அதிகாரபூர்வமாக அளக்க வருபவரிடம் நீட்ட ஒரு தாள் இருக்கும்.

#10 மனைக்காரன்

பிடிக்க நான் வருகிறேன்.

#11 நகரத்திட்டம்_ஏ

ஊராட்சி இதைச் செய்யும் என்றால் நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அளந்த புள்ளிகளைக் கொடுங்கள், சர்வே எண் வரைபடத்தின் மேல் ஏற்றித் தருகிறேன். எந்தெந்த எண்ணில் எத்தனை சென்ட் மட்டத்துக்குக் கீழே வருகிறது என்று பட்டியலாகவே எடுக்கலாம். முழுமைத் திட்டத்துக்கு ஊராட்சி கருத்து அனுப்பும்போது அதுதான் பேசும்.

#12 கம்பு நட்டவன்

தாங்கல் கலங்கலையும் பாருங்கள், அதிலும் கல் பெயர்ந்திருந்தால் இறங்கின மட்டத்தைத்தான் அளப்பீர்கள். பக்கத்துக் கல்லில் பாசி நிற்கும் கோட்டைப் பார்த்தால் பழைய உயரம் தெரியும். நான் வந்து காட்டுகிறேன். முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பேன்.

#13 தாங்கல்கரை

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. தலைவரிடம் பேசிவிட்டேன், சரி என்றார். 40 சென்ட் காரரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார். அப்புறம் மதில் கதவைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். பின்தெருத் தண்ணீருக்கு ஓரமாக மூன்று அடி வாய்க்கால் விடவும் யோசிக்கிறாராம். யாரும் தன்னிடம் இதைக் கேட்கவில்லை என்றார்.

ஜனவரி 26 கிராம சபைக்கு இந்தத் தீர்மானத்தை வைக்கப் போகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்:

“எங்கள் ஊராட்சி எல்லைக்குள் உள்ள பெரிய ஏரி, தாங்கல், கோயில் குளம் ஆகிய மூன்றுக்கும் கலங்கல் மட்டத்தின்படி முழு நீர்மட்ட எல்லையை வருவாய்த் துறை, நீர்வளத் துறை, ஊராட்சி ஒன்றியம் ஆகியவை ஒன்றாக வந்து, கிராம மக்கள் முன்னிலையில் அளந்து கல் நட வேண்டும். அந்த எல்லையைப் புலப்படத்திலும் மூன்றாம் முழுமைத் திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்திலும் ஏற்ற வேண்டும். எல்லைக்குள் வரும் உள்வாய்ப் பட்டாதாரர்களுக்கு மாற்று இடமோ இழப்பீடோ என்னவென்று முடிவு செய்து எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர்க்கப்பட்ட கலங்கல் கற்களைப் பழைய உயரத்துக்கே வைத்துக் கட்ட வேண்டும்.”

இழப்பீடு வரியைச் சேர்க்க வேண்டாம், தீர்மானம் பலவீனமாகும் என்று ஒருவர் சொன்னார். நான் எடுக்க மாட்டேன். பட்டாவை நம்பி வாங்கியவரை ஏமாற்றி ஏரியைக் காப்பாற்றினால் அடுத்த மழைக்கு அவர்களே கலங்கலை உடைப்பார்கள்.

வருகிற ஞாயிறு காலை ஆறரை மணி, தாங்கல் கலங்கல் பக்கம். கம்பு நட்டவர் அண்ணாவுக்குச் சாலையிலிருந்து ஆட்டோ ஏற்பாடு செய்கிறேன். இட்லி வீட்டிலிருந்து வரும். ரப்பர் செருப்பு போட்டு வராதீர்கள், கருவேல முள் ஏறும்.

#14 ஆட்டோலெவல்

ஸ்டாஃப் இரண்டு கொண்டு வருகிறேன். அந்த அளவைக் கல்லைச் சிமெண்டிலிருந்து யாரும் அதற்கு முன்னால் பெயர்த்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.